இறந்தவர்களின் கடைசி நொடிக்குள் நடக்கும் ஆய்வாளர்

1802ஆம் ஆண்டு லண்டனில் சரக்கேற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிக் கிளம்பிய 'ஓப்ரா டின்' என்ற வணிகக் கப்பல், நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவில்லை. மறு ஆண்டே அதைத் தொலைந்த கப்பல்களின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1807 அக்டோபரில், பாய்கள் சிதைந்த நிலையில், அதே கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் தானாக மிதந்து வருகிறது. தளத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. அதில் ஏறிய 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிந்து எழுதும் வேலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர் ஒருவர் தலையில் விழுகிறது.

கப்பலும் கதையும் கற்பனைதான். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற வீடியோ கேமில் விளையாடுபவரே அந்த ஆய்வாளர். ஜப்பானில் வசிக்கும் அமெரிக்கரான லூகாஸ் போப், நிரல், ஓவியம், இசை மூன்றையும் தானே செய்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து 2018 அக்டோபரில் இதை வெளியிட்டார்.

ஆய்வாளரிடம் இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று, பாதி நிரப்பப்படாத ஒரு புத்தகம். கப்பலில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல், அவர்களை வரைந்த சித்திரங்கள், தளங்களின் வரைபடம் ஆகியவை அதில் உண்டு. மற்றொன்று ஒரு சட்டைப்பைக் கடிகாரம். ஒரு பிணத்தின் அருகே அதைத் திறந்தால் திரை இருண்டு, அந்த மனிதர் இறப்பதற்குச் சற்று முன் எழுந்த குரல்களும் ஓசைகளும் கேட்கும். அடுத்து, உயிர் பிரிந்த அந்த நொடி அப்படியே உறைந்து கண்முன் நிற்கும். துப்பாக்கிக் குழலிலிருந்து தெறித்த தீப்பொறிகூட அந்தரத்தில் நிற்கும். ஆய்வாளர் அதற்குள் சுற்றி நடக்கலாம், குனிந்து பார்க்கலாம். எதையும் தொடவோ மாற்றவோ முடியாது. அந்தக் காட்சிக்குள் இன்னொரு பிணம் கிடந்தால், கடிகாரம் அதன் மரணத்துக்கும் வழி காட்டும். இப்படி ஒவ்வொரு சாவாகப் பின்னோக்கிப் போய், முடிவிலிருந்து தொடக்கத்தைத் தேடுவதுதான் ஆட்டம்.

பொருள் தேடும் துப்பறியும் விளையாட்டுகள் இதற்கு வெகுமுன்பே வந்துவிட்டன. சியாட்டில் நகரத்து பிக் ஃபிஷ் கேம்ஸ் 2005இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' அந்த வகைக்குப் பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. சாமான்கள் குவிந்து கிடக்கும் ஒரு படம், கூடவே ஒரு பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் நேரம். பட்டியலில் உள்ளதைத் தேடிப் பிடித்துச் சொடுக்கினால் போதும்.

ஓப்ரா டின்னில் அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. எதைத் தேட வேண்டும் என்பதையே விளையாடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த விளையாட்டின் மேன்மை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு காட்சியில் மாலுமிகள் உறங்கும் தொங்கு படுக்கைகளில் எண்கள் தெரியும். அவை பெயர்ப் பட்டியலின் வரிசை எண்களோடு பொருந்துகின்றன என்று உறைக்கும் கணத்தில், அதுவரை முகம் மட்டுமே இருந்த பல பேருக்குப் பெயர் கிடைக்கிறது. பேச்சின் சாயல், உடுப்பு, யார் யாரோடு நிற்கிறார், ஆபத்து வந்தபோது எந்த அறைக்கு ஓடினார் எல்லாமே சான்றுதான். ஒருவர் இறந்த காட்சியில் மூலையில் சும்மா நிற்பவரின் அடையாளம் தெரிந்துவிடும். இறந்தவர் யாரென்று தெரிய இன்னும் பத்து காட்சி காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் பெயரையும் முடிவையும் எழுத வேண்டும். கொலை என்றால் கொன்றவரையும் குறிப்பிட வேண்டும். எழுதியது சரியா என்று புத்தகம் உடனே சொல்லாது. மூன்று பேரின் விவரம் முழுக்கச் சரியானால்தான் அந்த மூன்றையும் சேர்த்து உறுதிசெய்யும். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டால், பட்டியலை மேலிருந்து கீழ்வரை மாற்றி மாற்றிப் போட்டே ஆட்டத்தை முடித்துவிடலாம். மூன்று சேர வேண்டும் என்றதும் குருட்டு ஊகங்கள் பயனற்றுப் போகின்றன. உறுதியாகத் தெரிந்த இருவரை வைத்துக்கொண்டு மூன்றாமவரை ஊகித்துப் பார்க்கும் சந்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இருவரைப் பிடிக்கவே உண்மையான துப்பறிதல் தேவை.

படம் முழுவதும் இரண்டே நிறங்களில், ஒரு கறுப்பும் ஒரு வெளுப்புமாக இருக்கிறது. 1980களின் மேகின்டோஷ் கணினித் திரையின் தோற்றம் அது. பழைய செய்தித்தாள் புகைப்படம்போல் புள்ளிகளின் நெருக்கத்தால்தான் நிழல் உருவாகிறது. அசையாத படத்தில் இது எளிது. முப்பரிமாணக் காட்சியில் பார்வை திரும்பும்போது, புள்ளிகள் திரையில் ஒட்டியபடி நிற்க, படம் அவற்றுக்கு அடியில் வழுக்கும். கண் கூசும். போப் புள்ளிகளைத் திரையிலிருந்து பிரித்து, பார்ப்பவரைச் சுற்றியுள்ள ஒரு கற்பனைக் கோளத்தின் உட்புறத்தில் பதித்தார். தலை திரும்பினால் புள்ளிகளும் காட்சியோடு சேர்ந்தே நகரும். பார்ப்பதையே முழு வேலையாகக் கொடுக்கும் ஒரு விளையாட்டில், இது அழகுக்காகச் செய்த திருத்தம் மட்டும் அல்ல. 2019இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் கலைச் சாதனை, விளையாட்டு வடிவமைப்பு ஆகிய இரண்டையும் ஓப்ரா டின் பெற்றது.

காலப் பயணக் கதைகளில் நாயகர் கடந்த காலத்துக்குப் போய் நடந்ததைத் திருத்துவது வழக்கம். இங்கே ஒரு உயிரையும் காப்பாற்ற முடியாது. ஆனாலும் ஆய்வாளர் எழுதுவது வீண்போவதில்லை. கடைசியில் கம்பெனி அந்த அறிக்கையை வைத்துத்தான் கணக்குத் தீர்க்கிறது. கடமையில் மடிந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு, குற்றம் செய்தவரின் சொத்தின்மேல் அபராதம். ஒரு பெயரை மாற்றி எழுதினால் அந்தக் கணக்கும் மாறும்.

விரல் வேகம் இதற்குத் தேவையில்லை. ஓடும் நேரமும் துரத்துவதில்லை. ஆங்கில உரையாடலைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும், ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் வீடியோ கேமையே தொடாதவர்களும் இறங்கலாம். விடைகளை முன்கூட்டியே எங்கும் படித்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. விடை தெரிந்துவிட்டால் இதில் கண்டுபிடிக்க வேறெதுவும் மிச்சமிருக்காது.