பழைய தானுந்துகளின் குளிர்விப்பு விசிறி

குளிர்விப்பு விசிறி என்பது, நீரால் குளிர்விக்கப்படும் பொறியைக் கொண்ட தானுந்துகளில் ரேடியேட்டரின் ஊடாகக் காற்றைச் செலுத்தும் கருவி ஆகும். பொறியின் சுழற்சியால் நேரடியாக இயங்குவது இயந்திர விசிறி எனவும், தனியான மின்னோடி ஒன்றினால் இயங்குவது மின் விசிறி எனவும் அழைக்கப்படுகின்றன. 1970களுக்கு முன் உருவாக்கப்பட்ட தானுந்துகளில் பெரும்பாலானவை இயந்திர விசிறியுடனேயே வெளிவந்தன. இன்று அவற்றைப் பேணுவோரில் பலர், நெரிசலான வீதிகளில் பொறி அளவுக்கு மிஞ்சிச் சூடாவதைத் தவிர்ப்பதற்காக மின் விசிறியைப் பொருத்துகின்றனர். இம்மாற்றத்தின் பயன் விசிறியை மட்டும் பொறுத்ததன்று. தானுந்தின் மின்னாக்கி அதற்கு ஈடுகொடுக்குமா என்பதையும் பெரிதும் பொறுத்தது.

விசிறியின் தேவை

எரிபொருளில் இருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விக்கும் நீரைச் சூடாக்குவதில் செல்கிறது. இந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்க வேண்டும். தானுந்து மணிக்கு 50 அல்லது 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே பொதுவாக இதற்குப் போதுமானது. தானுந்து நிற்கும்போதும், மெதுவாக ஊரும்போதும், பாரத்துடன் மேட்டில் ஏறும்போதும்தான் விசிறி உண்மையில் தேவைப்படுகிறது.

இயந்திர விசிறி

1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி தானுந்தில் விசிறி ஒரு பட்டையால் சுழற்றப்பட்டது. பின்வந்த தானுந்துகள் பலவற்றில், நீரேற்றியின் அச்சின் முனையிலேயே விசிறி பொருத்தப்பட்டது. ஃபேன் பெல்ட் எனப்படும் ஒரே பட்டை நீரேற்றி, விசிறி, டைனமோ ஆகிய மூன்றையும் சுழற்றியது. இதனால் பட்டை அறுந்தால் மூன்றும் ஒருசேர நின்றுவிடும். மின்னேற்றம் நின்றதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதே ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை ஆகும்.

இவ்வமைப்பு எளிமையானது, மின்சாரம் தேவையற்றது. ஆனால் இதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. விசிறியின் வேகம் பொறியின் தேவையைப் பின்பற்றாமல் பொறியின் வேகத்தையே பின்பற்றுகிறது. தானுந்து நின்று, காற்று மிகவும் தேவைப்படும் வேளையில் விசிறி மெதுவாகச் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் தேவையே இல்லாதபோது அது மிக விரைவாகச் சுழல்கிறது. ஒரு விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் காற்றும் இரு மடங்காகிறது. ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. எனவே உயர் வேகத்தில் பொறியின் திறன் வீணாவதுடன் இரைச்சலும் மிகுகிறது.

இக்குறையைப் போக்கப் பல வழிகள் கையாளப்பட்டன. பிசுக்குமை இணைப்பி என்பது சிலிக்கோன் எண்ணெயின் பிசுக்குத்தன்மையால் விசிறியைச் சுழற்றும் அமைப்பு ஆகும். ரேடியேட்டரில் இருந்து வரும் காற்று குளிர்ந்திருந்தால் இணைப்பு வழுக்கி, விசிறி மெதுவாகச் சுழலும். காற்று சூடானால் இணைப்பு இறுகும். பிரான்சின் பூஜோ 404 தானுந்தில் விசிறியைப் பொறியுடன் சேர்க்கவும் விடுவிக்கவும் மின்காந்தப் பற்றி பயன்படுத்தப்பட்டது.

மின் விசிறி

மின் விசிறியை, நீரின் வெப்பநிலையை உணரும் ஆளி ஒன்று இயக்கி நிறுத்துகிறது. பொறி எவ்வளவு மெதுவாக ஓடினாலும், மின்னழுத்தம் குறையாதவரை விசிறி தன் முழு வேகத்தில் சுழலக்கூடியது. பிரித்தானியாவின் ஜாகுவார் ஈ-டைப் 1961இல் அறிமுகமானபோதே மின் விசிறியைக் கொண்டிருந்தது. 1968இல் வந்த அதன் இரண்டாம் வரிசையில் இரண்டு மின் விசிறிகள் இருந்தன.

மின் விசிறி பொது வழக்கானதற்குப் பொறியின் கிடப்பும் ஒரு காரணம் ஆகும். பொறி குறுக்காக அமையும்போது அதன் அச்சு பக்கவாட்டை நோக்குகிறது. முன்புறம் உள்ள ரேடியேட்டருக்கு எதிரே விசிறியைப் பட்டையால் சுழற்றுவது கடினமாகிறது. 1959இல் வெளிவந்த மினி தானுந்தில் ரேடியேட்டரே பக்கவாட்டுக்கு நகர்த்தப்பட்டு இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. பின்வந்த குறுக்குப் பொறித் தானுந்துகளில் ரேடியேட்டர் முன்புறத்திலேயே இருக்க, மின் விசிறி பயன்படுத்தப்பட்டது.

மின்னாக்கியின் வரம்பு

பின்னர் பொருத்தப்படும் 12 வோல்ட் மின் விசிறிகள் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை எடுக்கின்றன. எம்ஜிபி தானுந்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1962இல் வெளியான இதில், அதிக அளவாக 22 ஆம்பியர் தரும் லூக்காஸ் சி40 டைனமோ இருந்தது. இரவில் விளக்குகளுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியரும், தீப்பொறி அமைப்புக்கு 3 ஆம்பியரும், விசிறிக்கு 12 ஆம்பியரும் தேவையெனக் கொண்டால் மொத்தம் 25 ஆம்பியர் ஆகிறது. இது டைனமோவின் உச்ச அளவையும் மிஞ்சுகிறது.

மேலும், பொறி வெறுமனே ஓடும் வேகத்தில் டைனமோ ஏறக்குறைய எதையும் தருவதில்லை. விசிறி சுழலும் அதே நெரிசல் வேளையில் முழுச் சுமையும் பேட்டரியின் மீது விழுகிறது. விளக்குகள் மங்குதல், மீண்டும் பொறியைக் கிளப்ப இயலாமை ஆகியன இதன் விளைவுகள். பேட்டரி தளரும்போது விசிறியும் தளர்வதால், தவிர்க்க எண்ணிய மிகைவெப்பமே திரும்பி வரக்கூடும்.

ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் மின்னோட்டம் தரவல்லது. எம்ஜிபி 1967இல் ஆல்டர்னேட்டருக்கு மாறியது. ஆயினும் டைனமோவுடன் மின் விசிறி இயங்கவே முடியாது எனக் கூற இயலாது. 3.8 லிட்டர் ஈ-டைப் டைனமோவுடனேயே தன் விசிறியை இயக்கியது; 1964இல் வந்த 4.2 லிட்டர் வடிவமே ஆல்டர்னேட்டரைப் பெற்றது. விசிறி எடுப்பதும் மின்னாக்கி கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே முதன்மையானது.

மாற்றுவதற்கு முன்

மிகைவெப்பம் எப்போது ஏற்படுகிறது என்பதைக் கொண்டு அதன் காரணத்தை ஓரளவு அறியலாம். நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். சமதரையில் விரைந்து ஓடும்போது சூடேறினால், அடைபட்ட ரேடியேட்டர், திறவாத வெப்பநிலைப்படுத்தி, பிழையான தீப்பொறி நேரம் போன்றவற்றையே ஐயுற வேண்டும். புதிய விசிறி இவற்றைச் சரிசெய்யாது.

மின் விசிறியைப் பொருத்தும்போது பின்வருவன கருத்தில் கொள்ளப்படுகின்றன:

* முனைவு: பழைய பிரித்தானியத் தானுந்துகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கவனியாது இணைத்தால், நிலைக்காந்த மின்னோடி எதிர்த்திசையில் சுழன்று காற்றைத் தவறான பக்கம் தள்ளும்.
* இடம்: ரேடியேட்டருக்குப் பின்னிருந்து காற்றை இழுக்கும் விசிறி பொதுவாகத் திறன் மிக்கது. முன்னிருந்து தள்ளும் விசிறி, ஓட்டத்தின்போது எதிர்க்காற்றை ஓரளவு மறைக்கிறது.
* மின்சுற்று: விசிறிக்கெனத் தனி உருகியும் ரிலேயும் தேவை. மெல்லிய பழைய கம்பிகளில் இதன் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அவை சூடாகித் தீப்பற்றக்கூடும்.
* தாங்கி: ரேடியேட்டரின் நடுவே நுழைக்கப்படும் நெகிழிக் கம்பிகளால் விசிறியைத் தொங்கவிட்டால், நாளடைவில் அதிர்வினால் குழாய்கள் தேய்ந்து நீர் கசியலாம். சட்டத்தில் பொருத்துவது பாதுகாப்பானது.
* எச்சரிக்கை: சில அமைப்புகளில், பொறியை நிறுத்திய பின்னரும் மின் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். எனவே அருகில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது நல்லது.

பழைய தானுந்துகளின் மதிப்பு அவற்றின் மூல வடிவத்தையும் சார்ந்தது என்பதால், துளையிடாமலும் வெட்டாமலும் மாற்றத்தைச் செய்து, கழற்றிய இயந்திர விசிறியைப் பாதுகாத்து வைப்பது பரிந்துரைக்கப்படுகிறது.