கரும்புத் தோகையும் கடைமடை நீரும்

தைப்பொங்கலன்று முற்றத்தில் நாட்டிய கரும்பைச் சிறுவர் முறித்துச் சுவைத்து மகிழ்வர். அக்கரும்பு விளைவதற்கு எவ்வளவு நீர் செலவாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? ஒருநாள் வகுப்பில் இக்கணக்கை மாணவரிடம் கொடுத்தேன். நடுவது முதல் வெட்டுவது வரை கரும்புக்கு, மழையும் பாய்ச்சலும் சேர்ந்து, 1,500 முதல் 2,500 மில்லிமீற்றர் வரை நீர் வேண்டும். ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் 10,000 லீற்றராகும். ஆகவே குறைந்த அளவைக் கொண்டாலும், ஹெக்டேயர் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி லீற்றர்! விடை கண்ட மாணவனொருவன், "ஐயா, இவ்வளவையும் கரும்புதான் குடிக்கின்றதா?" என வினவினான். நல்ல வினா.

இவ்வளவையும் கரும்பு குடிப்பதில்லை. ஒரு பகுதி வெறுநிலத்திலிருந்து ஆவியாகின்றது. ஒரு பகுதி வேருக்கு எட்டாத ஆழத்துக்கு வடிந்துவிடுகின்றது. நட்ட முதல் மூன்று மாதங்களில் இலைகள் நிலத்தை மூடுவதில்லையாதலால், வெயில் நேரே மண்ணிற் படும். இவ்விரு இழப்புக்களையும் சேதனப் பொருள்களாற் குறைக்கலாம்.

முதலாவது, கரும்பின் காய்ந்த தோகை. நட்ட ஒரு வாரத்துள் பார்களின் மீது 10 சென்ரிமீற்றர் தடிப்பில் அதனைப் பரப்புமாறு தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையினர் அறிவுறுத்துவர். இம்மூடாக்கு ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், இளங்குருத்துப் புழுவின் தாக்கத்தையும் தணிக்கும். கறையான் மிகுந்த நிலத்துக்கு மட்டும் இது ஆகாது.

இரண்டாவது, ஆலையிற் கரும்புச் சாற்றைத் தெளிவிக்கும்போது எஞ்சும் மண்டி. நூறு தொன் கரும்பை ஆட்டினால் மூன்று நான்கு தொன் மண்டி கிடைக்கும். அதனை நன்கு மக்கவைத்து நிலத்திலிட்டால், மணற்பாங்கான மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுகிய களிமண் பொலபொலப்பாகி மழைநீரை உள்ளே ஏற்கும். பார்களுக்கிடையே சணப்பையை விதைத்து, ஏறக்குறைய 45 நாளில் மடக்கி மண்ணிற் புதைப்பதும் இத்தகைய பயனையே தரும்.

இவ்வளவு நன்மையிருந்தும் கமக்காரர் பலர் தோகையை எரிப்பது ஏன்? எரித்தால் வேலை விரைவில் முடியும், கூலியும் மிச்சமாகும். அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர்களுடைய கூலிக் கணக்கையும் நாம் பார்த்தல் வேண்டும். எனினும், தீயில் தோகையிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி புகையாய்ப் போய்விடுகின்றது. நிலமோ மீண்டும் வெறுமையாகின்றது. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பச்சையாகவோ மக்காமலோ தோகையை மண்ணிற் புதைத்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே கவர்ந்துகொள்ளும். பயிர் சில காலம் வெளிறிநிற்கும். ஆதலால் மேலே பரப்புவதும், புதைப்பதாயின் மக்கவைத்துப் புதைப்பதுமே முறை.

இனி முக்கியமானதொன்று. மூடாக்கு இட்டுவிட்டுப் பழைய நாட்கணக்கின்படியே நீர் பாய்ச்சினால் ஒருதுளியும் மிஞ்சாது. மண்ணைக் கையாற் பிடித்து ஈரம் பார்த்து, பாய்ச்சலை ஓரிரு நாள் தள்ளிப்போட்டாற்றான் சேமிப்பு உண்டாகும். அவ்வாறு மிஞ்சிய நீரைக்கொண்டு மேலும் ஓர் ஏக்கர் கரும்பை நட்டுவிட்டாலோ, கிணறு முன்போலவே வற்றும்.

நம் நாட்டிலும் செவனகலையில் உடவளவை நீரும், ஹிங்குராணையில் கல்லோயா நீரும் கரும்புக்குப் பாய்கின்றன. அவ்வாய்க்கால்களை நெல் விளைவிப்போரும் நம்பியிருக்கின்றனர். தலைமடையில் ஒருவர் மிச்சம்பிடிக்கும் நீரே கடைமடையில் மற்றொருவர் வீட்டுச் சோறு. தோகைக்குத் தீவைக்கக் கை நீளும்போது அவ்வீட்டையும் நினைத்தல் வேண்டும். என் மாணவனின் வினாவுக்கு நான் அளித்த விடையின் முடிவும் இதுவே.