நெருப்பு வயிற்றுத் தேரையும் மலையகத்தின் குளிரும்

வர்ண மீன் தொட்டி மலையகத்து வீடுகளுக்குப் புதிய பொருளல்ல. ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களின் கடைவீதிகளில் மட்டுமன்றித் தோட்டத்து லயன் அறைகளிலும் கண்ணாடித் தொட்டியொன்றில் இரண்டு தங்க மீன்கள் நீந்துவதைக் காணலாம். மீன் வளர்ப்பில் தேர்ச்சி பெற்ற இளைஞர்கள் அடுத்த படியாக நாடக்கூடிய உயிரினங்களுள் ஒன்று, மேலைநாடுகளில் பெரிதும் விற்பனையாகும் நெருப்பு வயிற்றுத் தேரையாகும். இதனை வீட்டில் எவ்வாறு வளர்ப்பது என்பது பற்றியும், மலையகத்தில் வளர்ப்பதற்கு முன் ஏன் பலமுறை சிந்திக்க வேண்டும் என்பது பற்றியும் இங்கு நோக்குவோம்.

கொரியத் தீபகற்பம், வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரகிழக்குப் பகுதி ஆகியவையே இத்தேரையின் தாயகம். பொம்பினா ஓரியன்டாலிஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் நீளமே உடையது. முதுகு பச்சை நிறமாகவும் அதன்மேல் கறுப்புப் புள்ளிகள் கொண்டதாகவும் இருக்கும். வயிறோ செந்தணல் போன்ற நிறமுடையது. எதிரி நெருங்கினால் இது தப்பி ஓடுவதற்குப் பதிலாக முதுகை வில்லாக வளைத்துக் கைகால்களை உயர்த்தி, அந்தச் சிவப்பு வயிற்றைக் காட்டும். "என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு" என்னும் எச்சரிக்கையே அது. இதன் தோலில் சுரக்கும் நச்சு மனிதரைக் கொல்லாது. ஆயினும் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கடுமையான எரிவை உண்டாக்கும்.

பெரும்பாலான தேரைகள் இரவில் மட்டுமே வெளிப்படும். இதுவோ பகலிலும் சுறுசுறுப்பாக நடமாடும். நன்கு பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கு மேலும் வாழும். பள்ளி செல்லும் பிள்ளையின் ஆசைக்காக வாங்கினால், அப்பிள்ளை தொழிலுக்குச் சென்ற பின்பும் பெற்றோரே அதற்கு உணவு தேட வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம்.

இதற்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ் ஆகும். 28 பாகையைத் தாண்டினால் சோர்ந்து நோயுறும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இதனை வளர்ப்பவர் குளிரூட்டியின்றிச் சமாளிப்பது கடினம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. ஹட்டன் அதனிலும் சற்றுத் தாழ்வானது, சற்று வெப்பமானது. எனவே இலங்கையில் இத்தேரை எவ்வித இயந்திர உதவியுமின்றி வாழக்கூடிய இடம் ஒன்று உண்டெனில் அது மலையகமே. வளர்ப்பவருக்கு வசதியான இந்த உண்மையே எம்மைக் கவலைகொள்ளச் செய்கின்றது. அதற்கான காரணத்தைக் கூறுவதற்கு முன் தொட்டியைப் பார்ப்போம்.

மூன்று அல்லது நான்கு தேரைகளுக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. அதில் பாதி நீராகவும் பாதி நிலமாகவும் இருத்தல் வேண்டும். நீரின் ஆழம் 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். நிலத்திலிருந்து நீருக்குச் சரிவாக இறங்குமாறு கற்களை அடுக்க வேண்டும். செங்குத்தான கரை இருந்தால் களைத்த தேரை ஏற முடியாமல் மூழ்கக்கூடும். கற்கள் தேரையின் தலையைவிடப் பெரியனவாக இருப்பது அவசியம். சிறு கூழாங்கற்களை இரையோடு சேர்த்து விழுங்கி இறப்பதுண்டு. நிலப்பகுதிக்குத் தென்னந் தும்புத்தூளை நனைத்துப் பரப்புவது சிறந்தது. மறைந்திருக்க ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாலே போதும், விலையுயர்ந்த அலங்காரம் எதுவும் வேண்டியதில்லை.

அழகுக்காகக் காட்டிலிருந்து பாசியோ மரப்பட்டையோ கொண்டுவந்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும். காட்டுப் பொருள் தொட்டிக்குள் வருவதும், தொட்டிப் பொருள் காட்டுக்குப் போவதும் ஆபத்தானவை.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அதனைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். தோட்டத்துப் பீலியில் வரும் ஊற்று நீரில் குளோரின் இராது. ஆனால் மேலேயுள்ள தேயிலை மலையில் மருந்து தெளித்த நாட்களில் அதை எடுப்பது நல்லதல்ல. தவளை இனங்கள் தோலாலும் சுவாசிப்பவை. நீரில் கரைந்த எதுவும் அவற்றின் உடலுக்குள் எளிதிற் புகும். இதே காரணத்தால் விறகடுப்புப் புகை படியும் குசினியிலோ, நுளம்புச் சுருள் எரியும் அறையிலோ தொட்டியை வைக்கக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் இவற்றிற்கெல்லாம் விலகிய ஒரு மூலை கிடைக்குமா என்பதும் வாங்குவதற்கு முன் எழ வேண்டிய கேள்வியே. வடிகட்டி இல்லாத தொட்டியில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையேனும் நீரை மாற்ற வேண்டும்.

அசையும் இரையையே இத்தேரை உண்ணும். சிள்வண்டு, மண்புழு, சிறு பூச்சிகள் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். கல்சியத் தூளை இரையின்மேல் தூவிக் கொடுப்பது எலும்பு நோயைத் தடுக்கும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தேரைகளின் வயிறு பெரும்பாலும் மங்கிய மஞ்சளாகவே இருக்கும். அந்தச் சிவப்பு நிறம் உணவிலுள்ள கரோட்டின் வகைப் பொருட்களிலிருந்து வருவதே இதற்குக் காரணம். வேறு இனத் தவளையையோ மீனையோ அதே தொட்டியில் விடுதல் ஆகாது. இதன் நச்சு மற்றவற்றுக்குத் தீங்கு செய்யும். மூடி எல்லாவற்றிலும் முக்கியமானது. காற்றுப் புகும் நுண்ணிய வலையால், இறுக்கமாகப் பொருந்தும் மூடி இருத்தல் வேண்டும்.

மூடியை இவ்வளவு வலியுறுத்துவதன் காரணம் 1869 இலிருந்து தொடங்குகின்றது. அவ்வாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டறியப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசினால் வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை சரிந்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மலையகத்தின் இன்றைய முகத்தை, இங்கு வாழும் மக்களின் தலைவிதியை, ஒரு பங்கசு மாற்றியது என்றால் அது மிகையாகாது.

தவளைகளுக்கும் அத்தகைய ஒரு பங்கசு உண்டு. 1990களின் இறுதியில் இனங்காணப்பட்ட கைட்ரிட் பங்கசு தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இறுதியில் இதயத்தை நிறுத்திவிடுகின்றது. இப்பங்கசினால் உலகெங்கும் குறைந்தது 501 ஈரூடகவாழி இனங்கள் வீழ்ச்சியுற்றதாகவும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்தொழிந்திருக்கலாம் எனவும் 2019 இல் வெளியான ஆய்வு கணித்தது. இப்பங்கசின் பிறப்பிடம் கிழக்காசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம் என்று 2018 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான மரபணு ஆய்வு சுட்டியது. நெருப்பு வயிற்றுத் தேரையின் தாயகமும் அதுவே. வர்த்தகத்தில் விற்பனையான இத்தேரைகளிலும் அப்பங்கசு காணப்பட்டது. நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தமையால் தேரை பெரும்பாலும் நோயுறுவதில்லை. பார்வைக்கு நலமாக இருந்தபடியே நோயைச் சுமந்து செல்லும். கடைக்காரர் "இது ஆரோக்கியமானது" என்று கூறுவது முழு உண்மையாகவே இருக்கலாம். அதனால் எமக்குப் பாதுகாப்பு எதுவுமில்லை.

இப்பங்கசு மிக நன்றாகப் பெருகும் வெப்பநிலை 17 முதல் 25 பாகை வரை. தாழ்நிலத்து வெயில் அதற்கு ஒவ்வாது. தேரைக்கு ஏற்ற மலையகக் குளிர் பங்கசுக்கும் ஏற்றது என்பதே நாம் முன்னர் குறிப்பிட்ட கவலை. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் தேயிலையைக் கருக்கும் உறைபனியும் இத்தேரைக்குப் பொருட்டல்ல. தாயகத்தில் அது மாதக்கணக்கில் பனிக்குளிரில் உறங்கிக் கிடந்து எழும் பிராணி. தப்பிய ஒரு சோடி இங்குள்ள சதுப்புகளில் நிலைத்துவிடுவதற்குக் காலநிலை தடையாக இராது.

அவ்வாறு நேர்ந்தால் இழப்பு யாருக்கு? இலங்கையில் 120 இற்கும் மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது அளவானவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அதே வேளையில், அழிந்துவிட்டதாக உலகளவில் பதிவான ஈரூடகவாழி இனங்களுள் பாதிக்கு அண்மித்தவை இச்சிறு தீவுக்குரியவை. மலைக்காடுகளைக் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டியது அதற்கு முதன்மையான காரணமாகும். வெட்டிய கைகள் எம்மவருடையவை. வெட்டச் சொன்னவர் வேறு, இலாபம் பெற்றவர் வேறு.

எஞ்சியவற்றின் நிலையை இரண்டு உதாரணங்களால் உணரலாம். 1853 இல் நுவரெலியாவிலிருந்து கெலார்ட் என்பவர் விபரித்த ஒரு புதர்த்தவளை அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படவில்லை. சிவனொளிபாத மலைக் காட்டில் 2009 இல் அது மீண்டும் காணப்பட்டது. 1872 இல் விபரிக்கப்பட்டு அழிந்ததாகக் கருதப்பட்ட கண்டித் தேரையும் அதே மலைக் காட்டிலிருந்து மீளக் கண்டறியப்பட்டதாக 2012 இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாறு ஒரு காட்டின் ஒரு மூலையில் உயிர்தாங்கி நிற்கும் இனங்களுக்குப் புதிய நோயொன்றைத் தாங்கும் வலிமை எங்கிருந்து வரும்?

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டு விலங்குகளை நாட்டுக்குள் கொண்டுவர இயலாது. விற்பவரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பத்திரம் இல்லையெனில் வாங்காதிருப்பதே முறை. எமது கருத்தைக் கேட்டால், பத்திரம் இருந்தாலும் மலையகத்தில் இதனை வாங்க வேண்டாம் என்றே கூறுவோம்.

ஏற்கெனவே வைத்திருப்போர் செய்ய வேண்டியவை வேறு. தொட்டியிலிருந்து மாற்றும் நீரைத் தேயிலைக் கானிலோ ஓடையிலோ ஒருபோதும் ஊற்றக்கூடாது. பங்கசு நீரில் ஏழு வாரங்கள் வரை உயிரோடிருக்கும் எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அந்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மலசலகூடக் குழியில் ஊற்றலாம். 60 பாகை வெப்பத்தை ஐந்து நிமிடங்கள்கூட இப்பங்கசு தாங்காது. பழைய தும்புத்தூளைச் செடிக்கு உரமாகப் போடாமல் எரித்துவிட வேண்டும். தொட்டிக்கென வைத்த வாளியும் வலையும் வேறெதற்கும் பயன்படலாகாது. கையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கழுவ வேண்டும்.

வளர்க்க முடியாத நிலை வந்தால் ஓடையில் விட்டு "புண்ணியம்" தேடுவதே பலருக்கும் தோன்றும் வழி. இவ்விடயத்தில் அது புண்ணியமாகாது. அதற்காகக் கொன்றுவிட வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றி மருத்துவர் ஒருவர் வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கொல்வதைத் தடுத்தார்கள் என்பது அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காத பெண் பற்றிய ஹதீஸையும் முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். வாயில்லா ஜீவனை வதைப்பது பாவம் என்பது தோட்டத்து மூத்தோரின் வாக்கும் ஆகும். ஆகவே அக்கறையுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைப்பது, இயலாவிடின் மிருக வைத்தியரையோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தையோ நாடுவது என்ற வழிகளே உள்ளன.

தவளை மீது ஆசை கொண்ட பிள்ளைக்கு இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. மலையகப் புதர்த்தவளைகளின் விந்தையான இயல்பொன்று இங்கு உதவுகின்றது. இவற்றிற்கு வால்பேய்ப் பருவம் கிடையாது. ஈரமண்ணிலோ இலையிலோ இடப்படும் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முற்றுப்பெற்று, நகத்தளவு குட்டித் தவளையாகவே வெளிவரும். ஆகையால் இவற்றை வரவேற்கக் குளமோ தொட்டியோ வேண்டாம். டெங்கு பரவும் காலத்தில் நீரைத் தேக்கிவைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்டனத்துக்கு ஆளாகவும் வேண்டாம். வீட்டுத் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் நான்கடி அகலத்தில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் விட்டு, அதன்மேல் நிழல் விழ அடர்ந்த வேலியொன்றை வளர்த்து, அப்பகுதியில் களைநாசினி தெளிக்காதிருந்தால் போதும். அருகில் காட்டுத்துண்டோ ஓடைக்கரையோ உள்ள தோட்டங்களில் மழைக்காலத்து மாலைகளில் அந்த வேலியிலிருந்து "டிக், டிக்" என்ற ஒலி கேட்கத் தொடங்கும். மின்சூளுடன் சென்று பார்க்கலாம், பிடித்து அடைக்கக்கூடாது. உள்ளூர் இனங்களும் அதே கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே.