வீட்டுப் பின்புறத்தில் ஓர் இரும்புப் பட்டறை

சிஞ்ச்வட், பிம்ப்ரி, போசரி பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குத் தகரக் கொட்டகை புதிதல்ல. ஊரிலிருந்து ஒரு பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கி, பிற்பாடு சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போட்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்த முதல் லேத் நின்ற இடம் பெரும்பாலும் ஒரு 'பத்ரா' ஷெட்தான். தகட்டுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் வீட்டுப் பின்புறத்தில் 16 அடிக்கு 12 அடியில் அப்படி ஒன்றைக் கட்டினேன். பெரும்பாலும் என் கையாலேயே. பொங்கல் விழாவில் அன்பர்கள் சிலர் விவரம் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

தகர ஷெட் என்றால் எல்லோரும் முதலில் பயப்படுவது வெயிலுக்கு. நியாயம்தான். சித்திரை மாத மதியத்தில் கூரைத் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் வெயிலைவிடப் பெரிய எதிரி இரவில் வருகிறது என்பது என் கட்சி.

போசரியில் சிறு தொழில் நடத்தும் திருநெல்வேலி நண்பர் ஒருவர் ஒரு டிசம்பரில் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். முந்தின நாள் கடைந்து, துடைத்து, மேஜையில் அடுக்கிய உருப்படிகளின் மேல் மிளகு தூவியதுபோல் துருப்புள்ளிகள். வாங்கும் கம்பெனி அந்த மாதம் இரண்டு தடவை சரக்கைத் திருப்பிவிட்டது. "ஸார், மழையும் இல்லை, கூரையில ஓட்டையும் இல்லை. தண்ணி எங்கேருந்து வருது?" என்றார். ஆள் வைத்துக் கூரை முழுக்கத் தார் பூசியும் பார்த்துவிட்டாராம்.

தண்ணீர் கூரைக்கு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே இருக்கும் காற்றிலிருந்தே வந்தது. மேகமில்லாத இரவில் மெல்லிய தகடு தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட மூன்று நான்கு டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்று 15 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், 11½ டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனி கோக்கும். விடியற்காலையில் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவது இதனால்தான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் நனைவதும் இதே கணக்கு. தார் பூசி என்ன பயன்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ரயில் பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கிக் கட்டிய பெட்டிகள் எல்லாம் எஃகுக் கூடுகள்தானே. மாட்டுங்கா பட்டறையில் நான் இருந்த காலத்தில், பழுது பார்க்க வரும் பெட்டிகளின் உள் பலகையைக் கழற்றினால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, கழிவறை ஓரத்தில் தகடு உள்ளிருந்தே சல்லடையாகி இருக்கும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் போன ஈரம் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். சூட்டைத் தடுக்கும் பொருள் நனைந்துபோனால் அதுவே தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும்.

இனி கட்டுமானம். தரையை ஓர் அடி உயர்த்தி, கான்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பாலிதீன் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலம் முழுவதும் தரை ஈரத்தை உறிஞ்சி உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தூண்களுக்குச் சதுரக் குழாய், அடியில் பிளேட், நங்கூர போல்ட். பின்பக்கம் 9 அடி, முன்பக்கம் 11 அடி. இந்தச் சரிவு போதும். மேற்கே கதவு வைக்காதீர்கள். ஜூனிலிருந்து காற்றும் சாரலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். குறுக்குக் கம்பிகளில் சிக்கனம் பார்ப்பவர்கள் 2020 ஜூன் 3-ஆம் தேதி நிசர்கா புயல் இந்த வழியாகப் போனதை நினைத்துக்கொள்ள வேண்டும். கொட்டகையின் பாரம் அதைக் காப்பாற்றாது. போல்ட்தான் பிடித்து வைக்கும்.

கூரையில் திருகாணியைத் தகட்டின் மேட்டில் போட வேண்டும், சுவரில் பள்ளத்தில். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. தகட்டை கிரைண்டரால் அறுத்தால் ஓரத்துப் பூச்சு கருகிவிடும். தகரக் கத்திரியே நல்லது. துளை போட்டபின் சிதறும் இரும்புத் தூளை அன்றைக்கே துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். ஓர் இரவு விட்டால் புதுத் தகட்டில் செம்புள்ளி விழும்.

சூட்டைத் தடுக்க நான் தேர்ந்தெடுத்தது 50 மில்லிமீட்டர் கனமுள்ள கிளாஸ் வுல், ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது. பர்லின்களின் மேல் கம்பி வலையை இழுத்துக் கட்டி, தாள் பக்கம் கீழே பார்க்கும்படி அதை விரித்து, மேலே கூரைத் தகட்டைப் போட வேண்டும். இணைப்புகள் எல்லாவற்றிலும் அலுமினிய டேப். இந்த டேப் வேலையில்தான் பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உள்காற்று குளிர்ந்த தகட்டைத் தொடாமல் தடுப்பது அந்தத் தாளும் டேப்பும்தான். சுவருக்கும் அதே கிளாஸ் வுல். அதன் மேல் சிமென்ட் போர்டு. இந்த 50 மில்லிமீட்டர் தடுக்கும் சூட்டை வெறும் எஃகு தடுக்க வேண்டுமானால் அது 60 மீட்டர் கனம் இருக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று ஐ.சி.எஃப். பெட்டிகளின் நீளம்! கிளாஸ் வுல்லைக் கையாளும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி மூன்றும் கட்டாயம். நமைச்சல் எடுத்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் போய்விடும். மழை தகட்டில் கொட்டும் சத்தமும் இதனால் பாதிக்கு மேல் குறைந்தது. இதற்காகப் பக்கத்து வீட்டார் எனக்கு நன்றி சொன்னார்கள்.

தெர்மாக்கோல் இதைவிட மலிவு, சூட்டையும் நன்றாகவே தடுக்கும். ஆனாலும் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் அதை வைக்கக் கூடாது. உருகிச் சொட்டி எரியும், கரும்புகை ஒரு நிமிடத்தில் மூச்சை அடைக்கும். பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி: பி.வி.சி. ஒயர் தெர்மாக்கோலைத் தொட்டபடி வருஷக்கணக்கில் கிடந்தால், ஒயரை வளையவைக்கும் பசை தெர்மாக்கோலுக்குள் இறங்கிவிடும். ஒயர் உறை விறைத்து வெடிக்கும். மூடிய சுவருக்குள் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்? 2023 டிசம்பர் 8-ஆம் தேதி நம் தளவடேயில், பிறந்த நாள் கேக்கில் வைக்கும் மத்தாப்பு மெழுகுவத்தி செய்த இடத்தில் தீப்பிடித்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பலர் இறந்துபோனார்கள். அங்கே இருந்தது வெடிமருந்து. நம்மிடம் அது இல்லை. ஆனாலும் தின்னர் டின் இருக்கும், பெயின்ட் இருக்கும். 16 அடிக் கொட்டகைக்கு எதற்கு இரண்டு கதவு என்று வீட்டில் கேட்டார்கள். இதற்குத்தான்.

காற்றோட்டத்துக்குக் கீழே சல்லடை ஜன்னல், கூரை உச்சியில் சுழலும் டர்போ வென்டிலேட்டர் ஒன்று. வெளிச்சத்துக்கு வடக்கே கண்ணாடி. பழைய ரயில்வே பட்டறைகளில் வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடி எடுத்தார்கள். வெயில் வராது, நிழலும் விழாது. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள். அது ஈரத்தை உள்ளே இறைக்கும் இயந்திரம். லேத்துக்குத் துருவை நாமே காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. முதல் உலகப் போரின்போது, 1916-ல், பீட்டர் நிஸன் என்ற ராணுவப் பொறியாளர் வளைந்த தகட்டால் குடில் செய்தபோதே, உள்ளே இன்னொரு அடுக்கு வைத்து நடுவில் காற்று இடைவெளி விட்டார். நம் ஊரில் தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுகிறார்களே, அதுவும் இந்த வித்தைதான்.

எதை நாமே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்றும் கேட்கிறார்கள். அளவெடுப்பது, துளை போடுவது, பிரைமர் அடிப்பது, கிளாஸ் வுல், டேப், போர்டு எல்லாம் அறுபது வயதிலும் செய்யலாம். உயரத்தில் வெல்டிங்கும் கூரைத் தகட்டை ஏற்றுவதும் ஃபேப்ரிகேஷன்காரர் வேலை. நான் இரண்டு நாள் ஆள் வைத்துக்கொண்டேன். இரும்புக் கொட்டகை முழுவதையும் எர்த் செய்து, 30 மில்லி ஆம்பியரில் விழும் பிரேக்கர் போடுவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பொறுப்பு. மாநகராட்சியிலும் சொசைட்டியிலும் எழுத்தில் அனுமதி வாங்கியபிறகே கடைக்கால் தோண்டுங்கள். 2025 பிப்ரவரியில் குடல்வாடியில் அனுமதி இல்லாத ஷெட்டுகளை ஆயிரக்கணக்கில் இடித்துத் தள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

போசரி நண்பரும் போன வருஷம் கூரையைக் கழற்றி, வலையும் கிளாஸ் வுல்லும் போட்டு மறுபடி மூடினார். கட்ட நினைக்கும் அன்பர்கள் வந்து பார்க்கலாம். ஏப்ரலில் என்றால் மதியம் 2 மணிக்கு வாருங்கள். டிசம்பரில் என்றால் விடியற்காலை 6 மணிக்கு வந்து கூரையின் அடிப்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காப்பி உண்டு.