தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம், கழிப்பறை எங்கே?

அக்னி நட்சத்திரம் நெருங்கிவிட்டால் எங்கு திரும்பினாலும் ஒரே அறிவுரை: தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மருத்துவப்படி சரியான பேச்சுதான். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால், குடித்துவிட்டு எங்கே ஒதுங்குவது என்று அவர் திருப்பிக் கேட்பார்.

பாத்திகளுக்கு நடுவே மரமும் கிடையாது, மறைவும் கிடையாது. தலைக்கு மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேலை முடியும்வரை சிறுநீரை அடக்குகிறார்கள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், நடைபாதையில் பூ விற்கும் அம்மா, வெயிலில் நிற்கும் பெண் காவலர் என எல்லோருக்கும் இதே கதி. மாதவிலக்கு நாட்களில் அவதி இரட்டிப்பு.

வெயிலில் உடல் தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. உள்ளே தண்ணீர் வற்றினால் வியர்வையும் வற்றும். முதலில் நீர்க்கடுப்பு, அப்புறம் சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

உச்சிவெயிலில் வேலையை நிறுத்தினாலே போதும் என்று வாதிடுவோர் உண்டு. நிறுத்தட்டும், நல்லதே. ஆனால் அதிகாலையில் வேலைக்கு வந்தாலும் ஒதுங்க இடம் வேண்டுமே!

கட்டடத் தொழிலாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டிலேயே சட்டம் சொல்லிவிட்டது. பல இடங்களில் குடிநீர் டிரம் வந்துவிட்டது, கழிப்பறைதான் வரவில்லை. வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. செத்தபின் தரும் பணத்தைவிட, உயிரோடு இருக்கும்போது பூட்டிக்கொள்ளத் தாழ்ப்பாளும் திறந்தால் தண்ணீர் வரும் குழாயும் உள்ள ஒரு கழிப்பறை பெரிது.

மோர்ப்பந்தல் போடும் புண்ணியவான்களே, இந்தக் கோடையில் பந்தலுக்கு இடம் பார்க்கும்போது பக்கத்தில் பெண்களுக்குத் திறந்திருக்கும் கழிப்பறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.