ஓட்டில் இருப்பது எந்தச் சுண்ணாம்பு?

பெரம்பலூர் மாவட்டம் காரையில், களிமண் மேடுகளுக்குள் வெள்ளைக் கீற்றுகள் ஓடும். அது ஜிப்சம். அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சைட். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. இதற்கு இயந்திரம் தேவையில்லை.

அதே மண்ணில் கிடைக்கும், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் ஓடுகளில்தான் சிக்கல். உயிரோடிருந்தபோது அந்த ஓடு அரகோனைட்டால் ஆனது. காலப்போக்கில் அது கால்சைட்டாக மாறக்கூடும். இரண்டுமே கால்சியம் கார்பனேட், இரண்டும் நுரைக்கும். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு.

இங்கே கைகொடுப்பது, திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவு. லேசர் ஒளியை ஓட்டின்மேல் பாய்ச்சினால், திரும்பிச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பது உள்ளே அணுக்கள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. வரைபடத்தில் அது உச்சங்களாகத் தெரியும். அலை எண் கணக்கில் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை) ஜிப்சத்தின் பெரிய உச்சம் 1008, கால்சைட்டுக்குச் சுமார் 1086, அரகோனைட்டுக்குச் சுமார் 1085.

ஓர் ஓட்டை ஐந்து முறை அளக்கிறோம். 1084, 1087, 1085, 1086, 1088 என்று வருவதாகக் கொள்வோம். சராசரி 1086. உடனே ‘கால்சைட்’ என்று எழுதிவிடலாமா? கூடாது. அளவுகள் இரண்டு எண் இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. பிரித்தறிய வேண்டிய இடைவெளியோ ஒன்றுதான். ஜிப்சம் இல்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

இன்னும் நூறு முறை அளந்தால்? ஒழுங்கற்ற பிழை குறையும். ஆனால் கருவியே மூன்று எண் தள்ளிக் காட்டினால், நூறு அளவும் சேர்ந்தே தள்ளி நிற்கும். இந்த முறையான பிழையைப் பிடிக்கத்தான், வேலை தொடங்குமுன் சிலிக்கான் வில்லையை வைத்து அதன் உச்சம் 520.5-ஐ ஒட்டி விழுகிறதா என்று பார்ப்பார்கள்.

அதைவிட எளிய வழி, வேறு உச்சத்தைப் பார்ப்பது. கால்சைட்டுக்கு 282-ஐ ஒட்டி ஓர் உச்சம் உண்டு. அரகோனைட்டுக்கு அது 206-ஐ ஒட்டி வரும். எழுபதுக்கும் மேல் இடைவெளி இருக்கும்போது இரண்டு எண் ஆட்டம் பொருட்டே இல்லை. உயரமான உச்சத்தைவிட, பிழையைத் தாண்டி விலகி நிற்கும் உச்சமே நம்பத் தகுந்த சாட்சி.