மாற்று நுரையீரலின் அழற்சியைப் புறத்திருந்தே காணல்

1963 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு மாற்று நுரையீரல் பொருத்தினார். நோயாளி 18 நாட்களே உயிர் வாழ்ந்தார். நம் நாட்டில் 1999 இல் சென்னையில் மருத்துவர் கே. எம். செரியன் இதயத்தையும் நுரையீரலையும் ஒருங்கே மாற்றிப் பொருத்தினார்.

பொருத்திய 72 மணி நேரத்திற்குள் புதிய உறுப்பில் நீர் கோத்து அழற்சி காணக்கூடும். குருதியோட்டமின்றிக் கிடந்த உறுப்பில் மீண்டும் குருதி பாய்வதால் நேரும் ஊறு இது. பின்னர், உடல் அவ்வுறுப்பை அந்நியமெனக் கருதி நிராகரித்தலும் உண்டு. கிருமி தொற்றுதலும் உண்டு. எக்ஸ் கதிர்ப் படத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே வெண்ணிழலாய்த் தோன்றும். சிகிச்சையோ நேர்மாறானது. நிராகரிப்பெனில் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கவேண்டும். தொற்றெனில் அவ்வாறு அடக்குதல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின் மூச்சுக்குழல் வழியே கருவி செலுத்தித் திசுத்துணுக்கு எடுத்துச் சோதிக்கின்றனர். அதில் இரத்தக்கசிவு நேர்வதுண்டு.

திசுவைத் தொடாமல் அறிய இயலுமா? அழற்சியுற்ற இடத்தில் திரளும் வெள்ளணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக ஏற்கும். ஆகவே, கதிரியக்க ஃப்ளூரின்-18 இணைத்த குளுக்கோஸை ஊசி வழியே செலுத்தினால், பாசிட்ரான் படக்கருவியில் அவ்விடம் ஒளிரும். இம்முறை இத்துறையில் பெரிதும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. இந்த ஃப்ளூரின் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பெங்களூரில் தயாரித்த மருந்து மைசூர் வழியாகக் குண்டலுபேட்டையை அடைய 4 மணி நேரம் ஆகுமெனக் கொண்டால், எஞ்சுவது கால் பங்கினும் குறைவே! (ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்காகத் தரலாம்.) எனவே நோயாளியே நகருக்குச் செல்லவேண்டும். மேலும், நிராகரிப்பும் தொற்றும் ஒன்றுபோல் ஒளிர்வது இம்முறையின் பெருங்குறை.

செனான்-129 வாயுவைச் சுவாசிக்கச் செய்து காந்த அதிர்வுப் படம் எடுப்பது வேறொரு முறை. 2022 இல் அமெரிக்காவில் இது அனுமதி பெற்றது. காற்றுப் புகாத பகுதிகள் இதில் கருமையாய்த் தெரியும், கதிரியக்கமும் இல்லை. சாதாரணச் செனான் இதற்கு உதவாது. லேசர் ஒளியின் துணையால் அதன் அணுக்கருக்களை ஒருமுகப்படுத்திய பின்னரே கருவி அதனைத் தெளிவாக இனங்காணும்.